ஆர்சி (ரிமோட்டில் ஓடும் பொம்மைப்) படகின் உச்ச வேகம்: அளக்கும்போது எங்கே தவறுகிறோம்?

"என் படகு மணிக்கு 110 கி.மீ. போகும்" என்று யாராவது சொன்னால், எதை வைத்து அளந்தார் என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் ஜிபிஎஸ் என்பார். கருவியில் தப்பில்லை. ஓட்டி முடித்ததும் திரையில் நிற்கும் 'மேக்ஸ்' எண்ணை அப்படியே நம்புவதுதான் தவறு.

வேகமான படகு அடிக்கடி குட்டிக்கரணம் போடும். கவிழ்ந்ததும் ஆன்டெனா வானத்துக்குப் பதில் தண்ணீரைப் பார்க்கிறது. சிக்னல் அறுந்து மறுபடி கிடைக்கும்போது கணக்கு தாறுமாறாகி, ஒரு கணம் 140 என்றுகூடக் காட்டிவிடும். 'மேக்ஸ்' அதைத்தான் பிடித்து வைத்துக்கொள்ளும். ஆகவே படகு கவிழ்ந்த ஓட்டத்தைக் கணக்கில் சேர்க்கவே கூடாது. பதிவைக் கணினியில் வரைபடமாகப் போட்டுப் பாருங்கள். உண்மையான உச்ச வேகம் படிப்படியாக ஏறி, சில புள்ளிகளாவது மேலே நின்று, அப்புறம் இறங்கும். ஒற்றைப் புள்ளி மட்டும் ஊசி மாதிரி எழுந்து நின்றால் அதை அடித்துவிடுங்கள்.

எண் குறைத்துக் காட்டும் தவறும் உண்டு. பல செல்போன்களின் ஜிபிஎஸ் நொடிக்கு ஒருமுறைதான் அளக்கிறது. 100 கி.மீ. வேகத்தில் படகு ஒரு நொடியில் 28 மீட்டர் ஓடிவிடும். சின்னக் குளத்தில் உச்சம் நிற்பதே ஓரிரு நொடி. அது இரண்டு பதிவுகளுக்கு நடுவே நழுவிப்போகும். நொடிக்கு 10 முறை அளக்கும் கருவி வாங்குவது நல்லது. கார்பன் ஃபைபர் மூடிக்கு அடியில் வைத்தால் அதற்கும் சிக்னல் சரியாகக் கிடைக்காது.

ரேடார் கன் (துப்பாக்கி போலக் குறிவைத்து வேகம் அளக்கும் கருவி) வைத்திருப்பவர்கள் செய்யும் தவறு, கரையில் பக்கவாட்டில் நின்று குறிவைப்பது. ரேடார் தன்னை நோக்கி வரும் அல்லது தன்னை விட்டு விலகும் வேகத்தை மட்டுமே அளக்கும். கோணம் 20 டிகிரி விலகினால் 80 கி.மீ. வேகம் 75 ஆகிவிடும். 30 டிகிரியில் 69. படகு ஓடும் கோட்டுக்கு முடிந்தவரை நேராக நில்லுங்கள், ஆனால் உயரமான கரையிலோ தடுப்புக்குப் பின்னாலோதான். பின்னணியில் சாலை இருந்தால் படகை விட்டுவிட்டு லாரியின் வேகத்தைப் படிக்கும்.

ஸ்டாப்வாட்ச் மோசமில்லை, தூரம் போதுமானதாக இருந்தால். 30 மீட்டரை 100 கி.மீ. வேகத்தில் கடக்க 1.08 நொடிதான். பொத்தானை 0.2 நொடி முன்னதாக அழுத்தி நிறுத்தினால் விடை 123. அதே அளவு தாமதித்தால் 84. தூரத்தை 100 மீட்டராக்கினால் அதே பிழைக்கு 106, 95 என்று வித்தியாசம் சுருங்கிவிடுகிறது. அமெரிக்காவின் நாம்பா, இம்ப்பா என்ற மாதிரிப் படகுச் சங்கங்கள் நேர்கோட்டு வேகச் சோதனைக்கு 330 அடி, அதாவது சுமார் 100 மீட்டர் தூரம் வைத்திருக்கின்றன. இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுக்கிறார்கள். காற்றோடு போன ஓட்டத்தை மட்டும் சொல்லிப் பெருமைப்பட அங்கே வழியில்லை. நாமும் போகவர ஓட்டி, இரண்டையும் ஒரே சார்ஜில் முடித்துவிடலாம். ஒரு ப்ரொப்பெல்லரை நிறைந்த பேட்டரியிலும் இன்னொன்றைப் பாதி தீர்ந்ததிலும் ஓட்டிவிட்டு எது வேகம் என்று பேசுவதில் அர்த்தமில்லை.

தாளில் போடும் கணக்கு வேகம் ஆகாது, ஆனால் சரிபார்க்க உதவும். 2000 கேவி (ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்தில் 2000 சுற்று) மோட்டார், நிறைந்த 4எஸ் லைப்போ (நான்கு செல் லித்தியம் பேட்டரி, 16.8 வோல்ட்), 42 மி.மீ. விட்டமும் 1.4 பிட்ச் விகிதமும் (ஒரு சுற்றில் விட்டத்தைப்போல 1.4 மடங்கு முன்னேறும்) உள்ள ப்ரொப்பெல்லர் என்றால் விடை மணிக்குச் சுமார் 118.5 கி.மீ. சுமையில் சுற்று குறையும், வோல்டேஜ் இறங்கும், ப்ரொப்பெல்லரும் தண்ணீரில் கொஞ்சம் வழுக்கும். ஆகவே ஜிபிஎஸ் 125 காட்டினால் முதலில் வரைபடத்தைத் திறந்து பாருங்கள். கருவி கி.மீ.யில் இருக்கிறதா, மைலிலா, 'நாட்' (மணிக்கு ஒரு கடல் மைல்) அளவிலா என்பதையும்தான். 60 மைல் என்றால் 96 கி.மீ. தாண்டிவிடும்.

கருவியைப் படகின் மூக்கில் ஒட்டாதீர்கள். எடை முன்னால் போனால் படகு தண்ணீரில் அமரும் விதமே மாறி, வேகமும் மாறிவிடும். பேட்டரி அருகே, ஈர்ப்பு மையத்தை ஒட்டி வையுங்கள். ஒரு பலூனுக்குள் போட்டு வாயை முடிந்துவிட்டால் தண்ணீர் புகாது, சிக்னலும் தடைபடாது.