மார்பகக் கட்டி எங்கே தொடங்குகிறது: நாம் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற நகரங்களில் ஒரு பெண்ணின் மார்பில் கட்டி தென்பட்டால், செம்பனைக் குலை தூக்கும்போது இடித்திருக்கும் என்றே முதலில் காரணம் சொல்கிறார்கள். இடி பட்டதால் புற்றுநோய் வருவதில்லை. வலித்த இடத்தைத் தடவும்போது, முன்பே இருந்த கட்டி கைக்குத் தட்டுப்படுகிறது, அவ்வளவுதான். அடிபட்ட கொழுப்புத் திசு தடித்து, புற்றல்லாத கட்டியாக மாறுவதும் உண்டு. எது எதுவென்று தைலம் தடவிக் காத்திருந்து அறிய முடியாது.

பெரும்பாலான மார்பகப் புற்றுகள், பால் சுரக்கும் நுண்ணறைகளும் (இவற்றின் தொகுதியே நுண்மடல்) அவற்றிலிருந்து கிளம்பும் மெல்லிய நாளமும் சேர்ந்த மிகச் சிறிய அலகில், அங்குள்ள உயிரணுக்களில் மரபணுப் பிழைகள் பல ஆண்டுகளாகச் சேர்வதால் தொடங்குகின்றன. நாளப் புற்று, நுண்மடல் புற்று என்று அறிக்கையில் இருப்பதை வைத்து இரண்டும் வெவ்வேறு இடத்தில் பிறந்தவை என எண்ணுவது படித்தவர்களும் செய்யும் தவறு. நுண்மடல் புற்றில் உயிரணுக்களை ஒட்டவைக்கும் ஈ-கேட்ஹெரின் என்னும் புரதம் பெரும்பாலும் இழக்கப்படுவதால், அவை ஒன்றன்பின் ஒன்றாகப் பரவுகின்றன. தெளிவான கட்டி திரளாமல், மார்பகத்தின் எக்ஸ்ரே படமான மேமோகிராமிலும் மறைந்துவிடக்கூடும். ஆகவே உருண்டையாக எதுவும் இல்லை என்பதற்காகப் புதிய தடிப்பை அலட்சியப்படுத்தக் கூடாது.

பெயர் ஏமாற்றும் இன்னோர் இடமும் உண்டு. நாளச் சுவரில் உள்வரிசை, வெளிவரிசை என இருவகை உயிரணுக்கள் உள்ளன. வெளிவரிசையின் சாயல் கொண்டதால் ‘அடித்தள வகை’ என்று பெயர் பெற்ற கடுமையான புற்று அங்கேயே பிறப்பதாக நெடுநாள் கருதப்பட்டது. பரம்பரையாக வரும் பி.ஆர்.சி.ஏ.1 மரபணுப் பிழை உள்ள பெண்களுக்கு அது உள்வரிசையின் முன்னோடி உயிரணுக்களில் தொடங்குகிறது என்பதற்கு 2009-இல் மெல்பர்ன் ஆய்வாளர்கள் வலுவான சான்று காட்டினார்கள்.

மார்பகப் புற்று இப்படிப் பல வகையாக இருப்பதால்தான் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கேட்ட மாத்திரை நமக்கும் கேட்கும் என்று நம்புவது ஆபத்தானது. தமோக்சிஃபென் என்னும் மாத்திரை, ஹார்மோனைப் பற்றிக்கொள்ளும் ஏற்பிகள் உள்ள புற்றுக்கு மட்டுமே உதவும். உயிரணு வளர்ச்சியைத் தூண்டும் ஹெர்-2 புரதம் மிகுந்த புற்றுக்கு வேறு மருந்து வேண்டும். புற்று எந்த வகை என்று சொல்வது ஊசியால் எடுக்கும் திசுப் பரிசோதனை. ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்று அஞ்சி மாதக்கணக்கில் தள்ளிப்போடுவதைக் காணும்போது மனம் பதைக்கிறது; அந்தத் தாமதமே உயிருக்கு உலை வைக்கிறது.

பரம்பரை என்றால் தாய்வழியை மட்டும் நினைக்கிறோம். மார்பகப் புற்றுகளில் 5 முதல் 10 விழுக்காடே பரம்பரையாக வருபவை என்றாலும், அதற்குக் காரணமான மரபணுப் பிழையைத் தந்தையும் மகளுக்குக் கொடுக்க முடியும். தோட்டங்கள் கைமாறியபோது குடும்பங்கள் சிதறியதால், அப்பாவின் உடன்பிறந்தவர்களுக்கு என்ன நோய் இருந்தது என்பது பல வீடுகளில் தெரியாது. கேட்டறிந்து, அத்தைக்கோ அப்பாயிக்கோ மார்பகப் புற்றோ சினைப்பைப் புற்றோ இருந்திருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.