அடுப்பை பத்தவைக்காமலே பசங்களுக்கு தீ பத்தி சொல்லிக்கொடுக்கறது எப்படி

"அடுப்பு கிட்ட வராதே, சுட்டுடும்"னு நாமளும் நாளைக்கு பத்து தடவை கத்தறோம், அதுங்களும் தலைய ஆட்டிட்டு அப்பளம் பொரியறதை எட்டிப்பாக்க வந்துடுதுங்க. போன வருஷம் நான் தாளிக்கும்போது என் பையன் (அஞ்சு வயசு) சத்தமில்லாம பின்னாடி வந்து நின்னான், கடுகு வெடிச்சு முழங்கைல பட்டுச்சு, சின்ன பொட்டுதான், ஆனா பயத்துல அவன் ஓடினது அடுப்பு பக்கம்! எந்த பக்கம் ஓடணும்னு யாரு சொல்லிக்கொடுத்தா அவனுக்கு? அந்த ஞாயித்துக்கிழமையே அவனையும் அவன் அக்காவையும் (ஒன்பது வயசு) உக்கார வெச்சு ஆரம்பிச்சேன்.

ஸ்டெப் 1: கோடு

அடுப்புலேந்து மூணு அடி தள்ளி தரைல சாக்பீஸால ஒரு கோடு. லட்சுமணன் கோடுன்னு பேரு வெச்சாச்சு. அடுப்பு எரியும்போது அதை தாண்டக்கூடாது. உங்க கிச்சனே மூணு அடிதான்னா நிலைப்படிதான் கோடு. நமக்கும் ரூல் உண்டு, வாணலி கைப்பிடி உள்பக்கம் திரும்பியிருக்கணும், லைட்டரும் தீப்பெட்டியும் மேல் அலமாரில, நைலான் துப்பட்டாவோட சமைக்கக்கூடாது (என்னை ரெண்டு தடவை பிடிச்சுட்டா என் பொண்ணு).

ஸ்டெப் 2: அகல் விளக்கு

ஒரு சின்ன அகலை நீங்க ஏத்தி, மேல ஒரு கண்ணாடி டம்ளரை கவுத்துங்க. சுடர் சுருங்கி சுருங்கி அணையறதை பசங்க வாயப் பொளந்து பாக்கும். காத்து இல்லாம நெருப்பு இருக்காதுன்னு அதுக்கு மேல விளக்கவே வேண்டாம். வாணலி எண்ணெய் பத்திக்கிட்டா மூடி போடறது இதுக்குத்தான்.

தண்ணி மட்டும் ஊத்தவே கூடாது. தண்ணி கனமா இருக்கறதால எண்ணெய்க்கு அடில போய் பட்டுனு ஆவியாகி, எரியற எண்ணெயை அப்படியே தூக்கி வெளிய வீசும். இதை டெமோ காட்டறேன்னு கிளம்பிடாதீங்க, வாயால சொன்னா போதும். கேஸை அணைச்சு மூடியை பக்கவாட்டுல தள்ளி மூடறது, ஆறுற வரைக்கும் திறக்காம இருக்கறது, எல்லாம் பெரியவங்க வேலை. பசங்க வேலை "தீ!"ன்னு கத்திட்டு வெளிய ஓடறது.

ஸ்டெப் 3: மேல புகை, கீழ கேஸ்

இதுக்கு நிறைய டைம் குடுங்க. புகை மேல ஏறும், அதனால புகை சூழ்ந்தா குனிஞ்சு தவழ்ந்து போகணும். சிலிண்டர் கேஸ் நேர் எதிர், காத்தை விட கனம், கொட்டின தண்ணி மாதிரி தரையோட பரவும். நான் ஒரு தட்டுல தண்ணி ஊத்தி காட்டினேன், "அப்போ கேஸ் வாசனை வந்தா தவழக்கூடாதா?"ன்னு என் பொண்ணு கேட்டா பாருங்க, அதேதான், நிமிந்து நடந்து வெளிய போகணும். கேஸுக்கு சொந்த வாசனை கிடையாது, நமக்கு தெரியணும்னே அந்த அழுகின நாத்தத்தை சேக்கறாங்க. அந்த நாத்தம் வந்தா லைட், ஃபேன் எந்த ஸ்விட்சையும் தொடக்கூடாது, போடவும் கூடாது அணைக்கவும் கூடாது, அந்த சின்ன பொறியே போதும். ரெகுலேட்டரை மூடறது, கதவு ஜன்னல் திறக்கறது நம்ம வேலை.

ஸ்டெப் 4: நில்லு, படு, உருளு

துணில தீ பிடிச்சா ஓடத்தான் தோணும், ஓடினா தீ இன்னும் வேகமா ஏறும். பாயை விரிச்சு, நில்லு, படு, ரெண்டு கையாலயும் முகத்தை மூடு, உருளு. எங்க வீட்டுல இதுதான் ஹிட்டு, ஒரு வாரம் சும்மா சும்மா உருண்டான் பையன்.

ஸ்டெப் 5: 20 நிமிஷம் தண்ணி

சுட்ட இடத்தை ஓடற குழாய் தண்ணில 20 நிமிஷம் காட்டணும். பேஸ்ட், இங்க், மஞ்சள், ஐஸ் எதுவும் வேண்டாம், கொப்புளத்தை உடைக்கவும் வேண்டாம். பாட்டி பேஸ்டோட வந்தா "வேண்டாம் பாட்டி, தண்ணி"ன்னு சொல்லப் பழக்கியிருக்கேன், இதுல எங்க மாமியாருக்கு கொஞ்சம் வருத்தம்தான். முகம், கைன்னு பெரிய காயம்னா தண்ணி காட்டிட்டு உடனே ஆஸ்பத்திரி.

ஸ்டெப் 6: போன்

தீயணைப்புக்கு 101, இல்லன்னா 112. கேஸ் லீக்குக்கு 1906. போன் வீட்டுக்கு வெளிய வந்தப்புறம்தான். நான் ஃபயர் சர்வீஸ் ஆளா நடிச்சு "எங்கேந்து பேசறீங்க?"ன்னு கேட்டேன், பையன் கம்பீரமா "எங்க வீட்லேந்து"ன்னான். இப்போ கதவு நம்பர், தெரு, பக்கத்துல இருக்கற பிள்ளையார் கோயில் வரைக்கும் ஒப்பிக்கறான், சிலிண்டர் மாத்தற நாள் எல்லாம் ஒரு தடவை கேட்டுடுவேன்.