பதின்பருவப் பிள்ளைகளும் கிளை நூலகமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நம் ஊர்க் கிளை நூலகத்தில் சின்னப் பிள்ளைகளைப் பார்க்கலாம். டிஎன்பிஎஸ்சிக்குப் படிக்கும் அண்ணன்களும் அக்காக்களும் கதவு திறந்ததுமே வந்து ஃபேன் ஓடும் இடமாகப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறார்கள். பேப்பர் படிக்க வரும் பெரியவர்களுக்கும் பஞ்சமில்லை. எட்டாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை உள்ள கூட்டம்தான் கண்ணில் படுவதே இல்லை. போன்மேல் பழியைப் போட்டுவிட்டுப் போவது சுலபம். போனும் ஒரு காரணம்தான். ஆனால் சிறுவர் பகுதியின் குட்டி நாற்காலியில் பதினாலு வயதுப் பையனுக்குக் கால் மடங்காது. பெரியவர்கள் பகுதிக்குப் போனால் “தம்பி, இங்க என்ன தேடுற?” என்று ஒரு குரல் வரும். அப்புறம் அவன் எங்கே போவான்?

இவர்களுக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்று நூலகர்களும் வாசகர் வட்டத்தினரும் நல்ல மனதோடுதான் கிளம்புகிறார்கள். எங்கே சறுக்குகிறது என்று பார்ப்போம்.

போட்டி வைத்தால் போதும் என்ற நினைப்பு

நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம். பேச்சுப் போட்டி, கட்டுரைப் போட்டி, ஓவியப் போட்டி. தலைப்பு பெரும்பாலும் ‘நூலகத்தின் பயன்கள்’ அல்லது அதன் தம்பி. பக்கத்துப் பள்ளியிலிருந்து ஓர் ஆசிரியர் பிள்ளைகளை வரிசையாக அழைத்து வருவார். பள்ளியிலும் இலக்கிய மன்றத்திலும் கோயில் விழாவிலும் பரிசு வாங்குகிற அதே மாணவி இங்கேயும் மனப்பாடமாகப் பேசி முதல் பரிசு வாங்குவாள். மற்றவர்கள் கை தட்டுவார்கள். சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தி, அவர் முக்கால் மணி நேரம் பேசி முடிக்கும்போது பிள்ளைகள் நெளிய ஆரம்பித்திருப்பார்கள். மறுநாள் நாளிதழில் படம் வரும். மறுவாரம் ஒருவரும் வரமாட்டார்கள்.

போட்டியே கூடாது என்று சொல்லவில்லை. அது ஒரு நாளோடு முடிந்துவிடுகிறது, ஜெயித்தவரைத் தவிர மற்ற எல்லோரையும் தோற்றவராக வீட்டுக்கு அனுப்புகிறது, அதுதான் சிக்கல். மறுபடி வரக் காரணம் தருகிற வேலை வேண்டும். கையெழுத்துப் பத்திரிகை அதற்குத் தோதானது. ஒருத்தி எழுதுவாள், ஒருத்தன் படம் போடுவான், கையெழுத்து நன்றாக இருப்பவர் படி எடுப்பார், எழுதவே பிடிக்காதவர் ஊரில் பழைய சினிமா கொட்டகை எங்கே இருந்தது என்று தாத்தாக்களிடம் விசாரித்து வருவார். அடுத்த இதழ் என்று ஒன்று இருப்பதால் அடுத்த மாதமும் வருவார்கள். எழுதியவர்கள் பெயர் போட்டு நூலகச் சுவரில் மாட்டி வையுங்கள். பேப்பர் படிக்க வந்த பெரியவர் அதை நின்று படிப்பதை எழுதிய பிள்ளை பார்க்க வேண்டும். எந்தக் கோப்பையும் அதற்கு ஈடாகாது.

நாலு சதுரங்கப் பலகை வாங்கிப் போடுவதும் பெரிய செலவில்லை. 2022-ல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தது, 2024-ல் குகேஷ் உலகச் சாம்பியன் ஆனார், ஆர்வம் ஏற்கெனவே ஊறிக்கிடக்கிறது. கணினி இருக்கிற நூலகமாக இருந்தால் தமிழ் விக்கிப்பீடியாவில் சொந்த ஊர்ப் பக்கத்தைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். பல ஊர்களுக்கு அங்கே நாலு வரிதான் இருக்கும். அதை ஆதாரத்தோடு எட்டு வரியாக்க வேண்டும் என்றால் நூலகத்தில் தூங்கும் மாவட்ட வரலாற்று நூல்களை எடுத்தே ஆக வேண்டும்.

‘நல்ல புத்தகம்’ என்று நாமே முடிவு செய்வது

பதின்வயதினருக்கு என்று ஓர் அடுக்கு ஒதுக்கினால் உடனே அதில் ஏறுபவை: தலைவர்கள் வரலாறு, தன்னம்பிக்கை நூல்கள், பொது அறிவு, தேர்வில் வெல்வது எப்படி. வீட்டிலும் பள்ளியிலும் கேட்டு அலுத்த அதே அறிவுரை அட்டை மாறி வந்து நிற்கிறது. பதினைந்து வயதில் ஒருவர் தேடுவது பேய், துப்பறிதல், விண்வெளி, கிரிக்கெட், காதல், சினிமா, சண்டை போட்டு விலகிப்போன நண்பன். இதையெல்லாம் தொடும் புத்தகம்தான் கைக்குப் போகும்.

படக்கதைகளைச் சின்னப் பிள்ளை சமாச்சாரம் என்று ஒதுக்குவதும் நடக்கிறது. சிவகாசியிலிருந்து 1972-ல் முத்து காமிக்ஸும் 1984-ல் லயன் காமிக்ஸும் வரத் தொடங்கின. அவற்றைப் படித்து வாசிப்புக்குள் வந்தவர்கள் இன்று தடித்தடி நாவல்கள் படிக்கிறார்கள். எட்டாவது முடித்தும் எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளைகள் உண்டு என்பதையும் மறக்கக் கூடாது. அவர்களிடம் யானைக் குட்டிப் படப் புத்தகத்தை நீட்டினால் நண்பர்கள் முன்னால் அவமானம். ஐந்து பாகச் சரித்திர நாவலை நீட்டினால் மலைப்பு. படக்கதை, சிறுகதை, ‘துளிர்’ மாதிரி அறிவியல் மாத இதழ், நாளிதழின் விளையாட்டுப் பக்கம் எல்லாம் இந்த இடைவெளிக்கு உதவும்.

சரித்திர நாவல் என்றதும் ஒன்று. ‘பொன்னியின் செல்வன்’ படம் வந்த பிறகு அதைக் கேட்டு வருகிற பிள்ளைகள் அதிகம். பல நூலகங்களில் இரண்டாம் பாகமும் நான்காம் பாகமும் அடுக்கில் இருக்கும், முதல் பாகம் எப்போதும் யாராவது ஒருவர் வீட்டில் இருக்கும். தொடர் நூல்களில் முதல் பாகத்துக்குக் கூடுதல் படி வாங்கி வைப்பது நல்லது.

புதிதாக எதை வாங்குவது என்று தெரியாவிட்டால் சாகித்ய அகாதெமியின் பால சாகித்ய புரஸ்கார் பட்டியலில் தொடங்கலாம். 2010 முதல் தருகிறார்கள், 9 முதல் 16 வயது வரை உள்ளவர்களுக்கான நூல்கள் அவை. கீழடியை வைத்து உதயசங்கர் எழுதிய ‘ஆதனின் பொம்மை’ 2023-ல் அந்த விருதைப் பெற்றது. விருது என்பதற்காகப் பிள்ளைகளுக்குப் பிடித்தே தீரும் என்று நினைத்துவிடாதீர்கள். நூலகத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கட்டித் தொங்கவிட்டு, வேண்டிய தலைப்புகளை அவர்களையே எழுதச் சொல்லுங்கள். அந்தப் பட்டியல் மற்ற எல்லாப் பட்டியலையும்விட நம்பகமானது.

கவுன்டரில் கருத்துச் சொல்வது

உடல் மாற்றம் பற்றியோ மனச்சோர்வு பற்றியோ ஒரு புத்தகத்தை எடுக்க ஒரு பெண் அடுக்குக்கும் கவுன்டருக்கும் நடுவில் எத்தனை முறை நடந்திருப்பாள் என்று நமக்குத் தெரியாது. ஒருவழியாகக் கொண்டுவந்து வைக்கும்போது “ஏம்மா, இதெல்லாம் உனக்கு எதுக்கு? வீட்ல தெரியுமா?” என்று கேட்டால் முடிந்தது கதை. அந்தப் புத்தகம் மட்டும் போகாது, அவளும் போய்விடுவாள். பதிவு செய்து, திரும்பக் கொடுக்க வேண்டிய தேதியைச் சொல்லி, கையில் கொடுத்துவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை. “பாடம் படிச்சாச்சா?” என்ற கேள்வியும் இதே ரகம்.

படித்து முடித்ததும் “இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டாய்?” என்று கேட்பது இன்னொரு வியாதி. கேட்டால் “நேர்மையாக இருக்க வேண்டும்” என்ற பதில்தான் வரும், ஏனென்றால் அதைத்தான் நாம் எதிர்பார்க்கிறோம் என்று அவர்களுக்குத் தெரியும். எந்த இடத்தில் போர் அடித்தது என்று கேட்டுப் பாருங்கள், பேச்சு நிற்காது.

நேரமும் இடமும்

நிறையக் கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை வார விடுமுறை. ஞாயிறு திறந்திருக்கும் என்பதே பல பெற்றோருக்குத் தெரியாது. பள்ளி அறிவிப்புப் பலகையில் இதை ஒட்டினாலே கொஞ்சம் பேர் வருவார்கள். நிகழ்ச்சியை மாலை ஆறரைக்கு வைத்தால் பெண் பிள்ளைகள் வரமாட்டார்கள், வீட்டில் விடமாட்டார்கள். ஞாயிறு காலை பத்து மணி சரியாக வரும். கழிவறை பூட்டிக் கிடக்கிற நூலகத்தில் என்ன நிகழ்ச்சி வைத்தாலும் பெண்கள் வருகை குறையும். இதைக் கூட்டத்தில் பேச எல்லோரும் கூச்சப்படுகிறார்கள். சாவி யாரிடம் இருக்கிறது என்று முதலில் விசாரியுங்கள்.

ஜனவரிக்குப் பிறகு பத்தாவது, பிளஸ் டூ மாணவர்களை எதிர்பார்க்க வேண்டாம். ஜூன், ஜூலையில் தொடங்கி அரையாண்டுத் தேர்வுக்கு முன் ஒரு சுற்று முடிப்பதும், மே மாதத்தில் கோடை முகாம் வைப்பதும்தான் நடக்கிற காரியம்.

போனை வாசலிலேயே வாங்கி வைக்கும் பழக்கம் எனக்குப் பிடிக்காது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்களும் இதழ்களும் இலவசமாகக் கிடைக்கின்றன. அதைத் திறந்து காட்டினால் போனுக்குள்ளும் நூலகம் வந்துவிடும்.

பாதுகாப்பை மறப்பது

பிள்ளைகளோடு வேலை செய்யும் தன்னார்வலர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் தனியாக இருக்கக் கூடாது. எப்போதும் இரண்டு பெரியவர்கள், அதில் ஒருவர் பெண். வாட்ஸ்அப் குழு வேண்டுமென்றால் பெற்றோர் எண்ணில் இருக்கட்டும், மாணவர்களுக்குத் தனிச் செய்தி அனுப்பக் கூடாது. படம் எடுத்து முகநூலில் போடும்முன் வீட்டில் கேளுங்கள்.

பணம் இல்லை என்று நிறுத்திவிடுவது

1948-ம் ஆண்டு பொது நூலகச் சட்டப்படி நாம் கட்டும் சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா நூலக வரி சேர்கிறது. ஆகவே நூலகத்தில் இது வேண்டும், அது வேண்டும் என்று கேட்பது யாசகம் ஆகாது. நூல் கொள்முதல் பெரும்பாலும் பொது நூலக இயக்ககம் வழியாக நடப்பதால், பிள்ளைகள் நோட்டில் எழுதிய தலைப்புகளை வாசகர் வட்டத்தின் கடிதத்தோடு மாவட்ட நூலக அலுவலருக்கு அனுப்பி வையுங்கள். அது வரும்வரை சதுரங்கப் பலகைக்கும் வெள்ளைத்தாளுக்கும் ஊர்க் கடைக்காரர்களைக் கேட்டாலே போதும். பேனர் அடிக்கிற காசை மிச்சப்படுத்தினால் அதுவும் வேண்டியிருக்காது.