புது காரின் உண்மையான மைலேஜை நீங்களே கண்டுபிடிப்பது எப்படி? குமரி மாவட்டச் சாலைகளுக்கு ஒரு செய்முறை

புது கார் எடுத்த வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் விலையைக் கேட்பார்கள், நிறத்தைப் பற்றி ஒரு கருத்து சொல்வார்கள். அடுத்த கேள்வி, "லிட்டருக்கு எவ்வளவு கிட்டுது?" என்பதுதான். பதில் சொல்ல நம்மிடம் ஷோரூமில் சொன்ன எண் ஒன்று இருக்கும், ஸ்டியரிங்குக்குப் பின்னால் டிஸ்ப்ளேயில் ஓடும் எண் ஒன்று இருக்கும். மாதக் கடைசியில் பெட்ரோல் செலவைப் பார்த்தால் அது இரண்டோடும் ஒத்துப்போகாது. உடனே "வண்டியில் ஏதோ கோளாறு" என்று சர்வீஸ் சென்டருக்குக் கிளம்புகிறவர்கள் நிறைய. பெரும்பாலும் வண்டி நன்றாகத்தான் இருக்கும்; எதிர்பார்த்த எண்தான் நம் ஊர்ச் சாலைக்குச் சம்பந்தமில்லாதது.

முதல் தடவையாகக் கார் வாங்கியவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு சின்ன நோட்டு, பேனா, போனில் இருக்கும் கால்குலேட்டர், இவ்வளவு போதும்.

படி 1: காகிதத்தில் உள்ள எண் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள்

விளம்பரத்தில் வரும் மைலேஜ், புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையங்களில் எடுத்தது. அங்கே வண்டி சாலையில் ஓடுவதே இல்லை. முன் சக்கரங்களை உருளைகள் மேல் ஏற்றி நிறுத்தி, நின்ற இடத்திலேயே ஓட்டுவார்கள். எந்த நொடியில் என்ன வேகம் என்பது முன்கூட்டியே வகுத்தது. மொத்தம் சுமார் 20 நிமிடம், 10 கிலோமீட்டர் சொச்சம். முதலில் நகருக்குள் போவதுபோல் நின்று நின்று, பிறகு கொஞ்சம் வேகமாக. அதிகபட்சம் மணிக்கு 90 கிலோமீட்டர். ஏசி ஓடாது. முன்னால் மினி பஸ் கிடையாது, குறுக்கே ஆடு கிடையாது.

அது பொய்யான எண் என்று நான் சொல்ல மாட்டேன். எல்லா வண்டிக்கும் ஒரே பரீட்சை வைப்பதால், வாங்குவதற்கு முன் இரண்டு மாடல்களை ஒப்பிட அது உதவும். 2024-இல் வந்த மாருதி ஸ்விஃப்ட் காரை எடுத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று, மேனுவல் கியருக்கு 24.80, தானாகவே கியர் மாறும் ஏஎம்டிக்கு 25.75 என்று போட்டிருக்கிறார்கள். இதிலிருந்து நமக்குத் தெரிவது ஏஎம்டி எடுத்தால் பெட்ரோல் கூடுதலாகக் குடிக்குமோ என்று பயப்பட வேண்டாம் என்பது. மார்த்தாண்டத்தில் 24.80 கிடைக்கும் என்பது இல்லை.

என் கணக்கு இப்படி: சின்ன பெட்ரோல் காருக்கு, டவுனுக்குள் மட்டும் ஓடினால் காகித எண்ணில் 60 முதல் 70 சதவீதம், நான்கு வழிச் சாலையில் நிதானமாகப் போனால் 80 முதல் 90 சதவீதம். அதாவது 24.80 என்று போட்ட வண்டிக்கு டவுனில் 15 முதல் 17, நெடுஞ்சாலையில் 20 முதல் 22. இந்த எல்லைக்குள் வந்தால் நிம்மதியாக இருங்கள். பெட்ரோல் எஞ்சினோடு மின்சார மோட்டாரும் சேர்ந்து இழுக்கும் ஸ்ட்ராங் ஹைப்ரிட் வண்டிகளுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. அவை டவுனில்தான் நன்றாகக் கொடுக்கும்.

படி 2: நீங்கள் எந்தப் பக்கம் ஓட்டுகிறீர்கள் என்று எழுதுங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் உங்கள் வழக்கமான வழியை எழுதுங்கள். நம் மாவட்டம் சின்னதுதான், ஆனால் கிழக்கே ஒரு மைலேஜ், மேற்கே ஒரு மைலேஜ்.

தோவாளை, சுசீந்திரம், கன்னியாகுமரிப் பக்கம் வயலும் தோப்புமாகச் சமதளம். நாகர்கோவிலிலிருந்து கன்னியாகுமரிக்கு 20 கிலோமீட்டர், சீராகப் போய்விடலாம். அதே வண்டியைத் தக்கலை தாண்டி கருங்கல், குலசேகரம், திருவட்டார் பக்கம் ஓட்டிப் பாருங்கள். ஏற்றம், இறக்கம், மறுபடி ஏற்றம். ஏறும்போது செலவழித்த பெட்ரோலில் ஒரு பகுதி இறங்கும்போது மிச்சமாக வேண்டும். ஆனால் நம் இறக்கங்களின் அடியில் எப்போதும் ஒரு வளைவோ, ஒரு ஜங்ஷனோ, எதிரே ரப்பர் பால் ஏற்றிய டெம்போவோ இருக்கும். பிரேக்கை மிதித்த கணமே அந்த மிச்சம் சூடாகிப் போய்விடும். மலையில் ஓட்டுவதால் மைலேஜ் குறைகிறது என்பார்கள். உண்மையில் மலையைவிட இந்த வளைவுகள்தான் அதிகம் தின்கின்றன. மலைப்பக்கம் உள்ள பேச்சிப்பாறைக்கு, சாலை காலியாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள், எண் அவ்வளவு மோசமாக இருக்காது.

களியக்காவிளை சாலையில் தினமும் போகிறவர்கள் எதிர்பார்ப்பை இன்னும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். மார்த்தாண்டத்திலும் பார்வதிபுரத்திலும் மேம்பாலம் இருந்தாலும், இரண்டு பக்கமும் விடாமல் வீடும் கடையுமாக இருக்கும் சாலையில் மூன்றாவது கியருக்கு மேல் நிலைப்பதே கஷ்டம்.

படி 3: முதல் 1,000 கிலோமீட்டரைக் கணக்கில் சேர்க்காதீர்கள்

எஞ்சின் உள்ளே உராயும் பாகங்கள் பழக வேண்டும். உரிமையாளர் கையேட்டில் சொன்ன தூரம் வரை அதிக சுற்றில் விரட்டாமல், ஒரே வேகத்திலும் நெடுநேரம் வைக்காமல் ஓட்டுங்கள். முதல் சர்வீஸ் முடியட்டும். அதற்கு முன் மைலேஜ் பார்த்துக் கவலைப்படுவது வீண்.

இந்த இடைவெளியில் செய்ய வேண்டியது டயர் காற்று. டிரைவர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். முன் டயருக்கு இவ்வளவு, பின் டயருக்கு இவ்வளவு, ஆள் நிறைய ஏறினால் இவ்வளவு என்று அதில் உண்டு. தொழிற்சாலையிலிருந்து லாரியில் வரும்போது கூடுதல் காற்றோடு வருவது வழக்கம். அதைக் குறைக்காமலே கையில் கொடுத்துவிடுவதும் நடக்கும். காலையில் வண்டியை எடுத்ததுமே, பக்கத்திலேயே உள்ள பங்கில் பாருங்கள். வெகுதூரம் ஓடி டயர் சூடான பிறகு பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும்.

படி 4: டேங்க் ஃபுல் முறை

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். ஒரு தடவை டேங்கை நிரப்புகிறோம். ஓட்டுகிறோம். மறுபடி அதே அளவுக்கு நிரப்புகிறோம். இரண்டாவது முறை எத்தனை லிட்டர் ஏறியதோ அதுதான் நடுவில் செலவானது.

"ஐந்நூறுக்கு அடிங்க" என்று அடித்து, முள் எங்கே இருந்தது, எங்கே வந்தது என்று பார்த்துக் கணக்குப் போடுவது உதவாது. அந்த முள்ளோ கட்டங்களோ பெட்ரோலை அளக்கும் கருவி இல்லை, சும்மா ஒரு அடையாளம்.

பங்கில் எப்படி என்று விவரமாகச் சொல்கிறேன். வண்டியைச் சமமான தரையில் நிறுத்துங்கள். மீட்டரில் பூஜ்ஜியம் பாருங்கள். "ஃபுல் பண்ணுங்க அண்ணே, கட் ஆனதும் நிறுத்திடுங்க, ரவுண்டு பண்ண வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் என்ன ஆகும்? க்ளிக் என்று நாசில் தானாக நிற்கும்போது டிஸ்ப்ளேயில் 1,962 என்று இருக்கும். பழக்கத்தில் அவர் கை 2,000 வரும்வரை இரண்டு மூன்று தடவை அழுத்தும். அந்த 38 ரூபாய் இன்றைய விலைக்கு ஒரு லிட்டரில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அடுத்த தடவை வேறொருவர் க்ளிக்கோடு நிறுத்திவிட்டால் உங்கள் கணக்கு அங்கேயே கோணலாகிவிடும். அதோடு, க்ளிக்குக்குப் பிறகு திணிக்கும் பெட்ரோல், ஆவியைப் பிடித்துவைக்க மட்டுமே உள்ள கரிக் குடுவைக்குள் போய் அதையும் கெடுக்கும்.

நாசில் நின்றதும், காரில் ஒரு பயணத்தின் தூரத்தை மட்டும் காட்டும் ட்ரிப் மீட்டரைப் பூஜ்ஜியமாக்குங்கள். வண்டி இதுவரை ஓடிய மொத்தத் தூரத்தைக் காட்டும் ஓடோமீட்டர் எண்ணையும் நோட்டில் எழுதுங்கள், ஏனென்றால் வீட்டில் யாராவது ட்ரிப் மீட்டரை அழுத்திவிடுவார்கள்.

இனி டேங்க் கால்வாசிக்கு இறங்கும்வரை ஓட்டுங்கள். 10 லிட்டர் செலவானதும் அளந்தால், நிரப்புவதில் ஒரு லிட்டர் பிசகினாலும் விடையில் 10 சதவீதம் பிசகும். 30 லிட்டருக்குப் பிறகு அளந்தால் அதே பிசகு 3 சதவீதம்தான். பிறகு அதே பங்கு, முடிந்தால் அதே நாசில். இங்கே விலை குறைவு என்பதால் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலிருந்து ஆட்கள் வந்து நிரப்புகிறார்கள். நாம் திருவனந்தபுரம் போய்விட்டுத் திரும்பும்போது அவசரத்துக்கு அங்கே கொஞ்சம் போட நேர்ந்தால், அந்த லிட்டரையும் மறக்காமல் நோட்டில் சேருங்கள்.

அளவில் சந்தேகமா? ஒவ்வொரு பங்கிலும் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் குடுவை வைத்திருக்க வேண்டும். கேட்டால் அளந்து காட்டுவார்கள். அதிகாலையில் போட்டால் பெட்ரோல் அடர்த்தியாக இருக்கும் என்ற பேச்சை விட்டுவிடுங்கள், சேமிப்புத் தொட்டி மண்ணுக்கு அடியில் இருக்கிறது, காலைக்கும் மதியத்துக்கும் அங்கே சூடு பெரிதாக மாறாது.

படி 5: வகுத்துப் பாருங்கள்

உதாரணத்துக்கு, முதல் ஃபுல் போடும்போது ஓடோமீட்டர் 1,240. அடுத்த ஃபுல் போடும்போது 1,652, ஏறியது 24.5 லிட்டர். ஓடியது 412 கிலோமீட்டர். 412 ÷ 24.5 = 16.8. இதுதான் உங்கள் மைலேஜ்.

ஒரே ஒரு டேங்கை வைத்து முடிவு கட்டாதீர்கள், மூன்று டேங்காவது பாருங்கள். சராசரி எடுக்கும்போது ஒரு பொறி இருக்கிறது. முதல் டேங்கில் 20 லிட்டரில் 400 கிலோமீட்டர், அதாவது 20. இரண்டாவதில் 12.5 லிட்டரில் 150 கிலோமீட்டர், அதாவது 12. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கி 16 என்று எழுதினால் தப்பு. மொத்தத் தூரத்தை மொத்த லிட்டரால் வகுக்க வேண்டும்: 550 ÷ 32.5, கிட்டத்தட்ட 16.9.

டிஸ்ப்ளேயில் வண்டியே காட்டும் எண் பெரும்பாலும் கொஞ்சம் தாராளமாக இருக்கும். அது 18.2 என்றும் உங்கள் கணக்கு 16.8 என்றும் வந்தால், 16.8 ÷ 18.2 = 0.92. இனி டிஸ்ப்ளே எண்ணை 0.92-ஆல் பெருக்கினால் போதும், அவசரத்துக்குச் சரியாக வரும்.

படி 6: எண் குறைந்தால் எங்கே தேடுவது

முதலில் நின்றபடி ஓடும் எஞ்சின். பள்ளிக்கூட வாசலில் பிள்ளைக்காக ஏசி போட்டுக் காத்திருக்கும் 20 நிமிடத்தில் தூரம் பூஜ்ஜியம், பெட்ரோல் மட்டும் இறங்குகிறது. அப்புறம், மூன்று கிலோமீட்டர் போய்க் காய்கறி வாங்கி வருவது. எஞ்சின் சூடாவதற்குள் பயணமே முடிந்துவிடும். இந்த இரண்டும் சேர்ந்த வாரம் 13 வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

அடுத்தது காற்று. இதை வெளியூர்க்காரர்களுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். ஆரல்வாய்மொழிக் கணவாயில் தென்மேற்குப் பருவத்தில் வீசும் காற்றை நம்பித்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளும் நிற்கின்றன. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும் என்கிறோம், கார் எம்மாத்திரம்? காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாக ஏறும். 80-இல் போகிற வண்டிக்கு நேர் எதிரே 30 கிலோமீட்டர் வேகக் காற்று வந்தால், அது 110-இல் போவதற்குச் சமமான எதிர்ப்பு, கிட்டத்தட்ட இரு மடங்கு. பின்னால் இருந்து வீசினால் எதிர்ப்பு 40 சதவீதமாகக் குறையும். போக வர ஈடாகிவிடும் என்று தோன்றும், ஆகாது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் காற்றில்லாத நாளைவிட 14 சதவீதம் கூடுதல் எதிர்ப்புதான் வருகிறது. அதனால் திருநெல்வேலிக்குப் போகும்போது டிஸ்ப்ளேயில் நல்ல எண் பார்த்துவிட்டுத் திரும்பும்போது குறைந்தால் பதற வேண்டாம். போய்வந்த மொத்தத்தை மட்டும் பாருங்கள்.

இதே இருமடிக் கணக்குதான் காவல்கிணறு தாண்டி நான்கு வழிச் சாலையில் 80-ஐ 100 ஆக்கும்போதும். எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல். நாங்குநேரிக்குச் சில நிமிடம் முன்னால் போய்ச் சேர்வோம், அவ்வளவுதான்.

எரிபொருளும் மாறியிருக்கிறது. இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனாலில் லிட்டருக்கு உள்ள சக்தி பெட்ரோலைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆக ஒரு லிட்டர் கலவையில் 6, 7 சதவீத சக்தி குறைகிறது. அதற்கேற்ப எஞ்சினை வடிவமைத்திருந்தால் இழப்பில் ஒரு பகுதி ஈடாகும். பத்து வருடத்துக்கு முன் மாமா வண்டிக்குக் கிடைத்த எண்ணோடு உங்கள் புது வண்டியை ஒப்பிட முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

நியூட்ரலில் இறக்கம் இறங்கும் பழக்கம் நம் ஊரில் நிறைய. விட்டுவிடுங்கள். இப்போதைய எஞ்சினில் கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் பெட்ரோல் தெளிப்பதே நின்றுவிடும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் ஓட பெட்ரோல் வேண்டும். எஞ்சின் பிடிமானமும் போய், பிரேக்கும் சூடாகும்.

படி 7: எப்போது சர்வீஸ் சென்டருக்குப் போகலாம்

ஒரே வழி, அதே ஆட்கள், டயர் காற்று சரி, 3,000 கிலோமீட்டர் தாண்டியாயிற்று, அப்படியும் மூன்று டேங்க் தொடர்ந்து காகித எண்ணில் பாதியைத் தொடவில்லை என்றால் போங்கள். சபரிமலை சீசன் நெரிசலில் எடுத்த கணக்கைக் கொண்டுபோகாதீர்கள். போவதற்கு முன் ஒரு சோதனை: கொஞ்ச தூரம் பிரேக் அதிகம் மிதிக்காமல் ஓட்டி, நிறுத்தி, நான்கு சக்கரங்களின் அருகே கையை நீட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் சூடு அடித்தால் பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

அங்கே போய் "மைலேஜ் வரலை" என்று மட்டும் சொன்னால் ஏர் ஃபில்டரைத் தட்டிக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். நோட்டைக் காட்டுங்கள்: தேதி, ஓடோமீட்டர், லிட்டர், வழி. அப்புறம், ஒரு மெக்கானிக்கைக் கூட உட்கார வைத்து, ஃபுல் போட்டு, உங்கள் வழியிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.