குறைந்த காசில் கேமிங் கணினி: எதை முதலில் பார்ப்பது, எதில் மிச்சம் பிடிக்கக்கூடாது

கேமிங் கணினி பூட்ட நினைக்கிற தம்பிமார் முதலில் கேட்பது "ஐ5 காணுமா, ஐ7 எடுக்கவா?" என்றுதான். புரொசசர் பற்றிய அந்தக் கேள்வியைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். கேம் எவ்வளவு வடிவாக, தடங்காமல் ஓடும் என்பது பெரும்பாலும் படத்தை வரையும் கிராஃபிக்ஸ் கார்டின் கையில் இருக்கிறது. அந்தக் கார்ட் பாதியில் அணையாமல் ஓடுமா என்பது பவர் சப்ளையின் கையிலும் உங்கள் வீட்டுக் கரண்டின் கையிலும் இருக்கிறது. வெளிநாட்டு யூடியூப்காரர் சொல்லும் பட்டியலை யாழ்ப்பாணத்தில் அப்படியே வாங்கினால், காலை வாரிவிடுவது இந்தக் கரண்ட் விசயம்தான்.

நான் பூட்டி ஓட்டிக்கொண்டிருப்பது ரைசன் 5 5600 புரொசசர், ஆர்எக்ஸ் 6600 கார்ட், 16 ஜிபி ரேம். திருகு பூட்டுவதும் விண்டோஸ் போடுவதும் இந்தப் பதிவில் இல்லை. ரூபாய் விலையும் எழுதவில்லை. 2022 இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறியதைப் பார்த்தவர்கள் நாங்கள். இன்றைக்கு எழுதும் விலை அடுத்த மாதம் உதவாது. அதனால் கையில் இருக்கும் காசை எந்தப் பாகத்தில் கூடப் போடுவது, எதில் மிச்சம் பிடிக்கக்கூடாது என்று மட்டும் சொல்கிறேன்.

படி 1: மொனிட்டரும் கேமும்

என்ன விளையாடப் போகிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். வலோரன்ட், சிஎஸ் 2 மாதிரி என்றால் நடுத்தரக் கார்டே தாராளம். புதிதாக வரும் பெரிய திறந்த உலகக் கேம்கள் என்றால் கார்டுக்குக் கூடக் காசு ஒதுக்க வேண்டும். மொனிட்டர் 1080பி தெளிவு போதும். 1440பி மொனிட்டர் வாங்கினால், கார்ட் வரைய வேண்டிய புள்ளிகள் ஏறக்குறைய 1.8 மடங்காகும். அதை ஓட்டக் கார்டுக்கும் கூடக் காசு போகும்.

படி 2: கிராஃபிக்ஸ் கார்ட்

மொத்தக் காசில் 35 முதல் 40 வீதம் இதற்கு. 8 ஜிபி நினைவகத்துக்குக் கீழே இப்போது வாங்க வேண்டாம். ஆர்எக்ஸ் 6600 எனக்குப் பிடித்ததற்குக் காரணம் விலை மட்டுமில்லை, அது 132 வாட்தான் கேட்கும். ஆர்டிஎக்ஸ் 3060 கேட்பது 170 வாட், ஆனால் 12 ஜிபி உள்ள வகை கிடைத்தால் வீடியோ எடிட் செய்பவர்களுக்கு அது நல்லது. ஆர்டிஎக்ஸ் 4060 வெறும் 115 வாட்டில் ஓடும். காசு எட்டினால் அதை எடுங்கள்.

ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி மலிவாக வரும். அது மதர்போர்டோடு நாலே நாலு பாதையில்தான் பேசும். பிசிஐஇ 3.0 (கார்டைச் செருகும் இணைப்பின் பழைய தலைமுறை) உள்ள போர்டில் போட்டால் வேகம் நன்றாக விழும். விட்டுவிடுங்கள்.

பாவித்த கார்ட் எடுக்கலாமா? எடுக்கலாம். 2022 செப்டெம்பரில் எத்தீரியம் என்ற கிரிப்டோ நாணயம் தன் முறையை மாற்றி, கார்டுகளை ஓட்டி நாணயம் சம்பாதிக்கும் மைனிங்கை நிறுத்திய பிறகு மைனிங் கார்டுகள் சந்தைக்குக் குவியலாக வந்தன. மைனிங்கில் ஓடியது என்பதாலேயே ஒரு கார்ட் கெட்டது ஆகாது. விசிறியும் வெப்பப் பசையும் தேய்ந்திருக்கும், அவற்றை மாற்றலாம். கவனிக்க வேண்டியது ஆர்எக்ஸ் 580 என்ற பெயரில் விற்கும் கார்டைத்தான். உண்மையான 580 இல் 2304 ஷேடர் (கணக்குப் போடும் சின்ன அலகு) இருக்கும். 2048எஸ்பி என்று வருவது 570 இன் அளவுதான். கடையில் ஜிபியு-ஸி என்ற இலவச மென்பொருளைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வாருங்கள்.

படி 3: புரொசசரும் மதர்போர்டும்

"ஐ7 கேமிங் மெஷின்" என்று மலிவு பக்கேஜ் போடுவார்கள். எந்தத் தலைமுறை என்று கேளுங்கள். ஐ7-2600 என்றால் அது 2011 இல் வந்த சிப். 2022 இல் வந்த ஐ3-12100எஃப் நாலு கோர்தான், ஆனாலும் அந்த ஐ7 ஐத் தூக்கிச் சாப்பிடும். இன்னொரு விசயம், விண்டோஸ் 10 க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபரோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இன்டலில் எட்டாம் தலைமுறைக்குக் கீழே அதிகாரபூர்வமாக ஏறாது. விண்டோஸ் 11 இல் வலோரன்ட் விளையாட டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு அம்சம் வேண்டும். பழைய பக்கேஜ் இந்த இடத்தில் முட்டி நிற்கும்.

என் தெரிவு ரைசன் 5 5600, பி550 போர்ட். பி450 போர்ட் மலிவாகக் கிடைத்தால் ஒன்றைக் கேளுங்கள்: "அண்ணா, பயோஸ் 5000 சீரிஸுக்கு அப்டேட் பண்ணினதா?" பயோஸ் என்பது போர்டைத் தொடக்கிவைக்கும் உள் மென்பொருள். பி450 வந்தது 2018 இல், 5600 இருக்கும் 5000 வரிசை வந்தது 2020 இல். அப்டேட் இல்லாவிட்டால் விசிறி சுற்றும், திரை கறுப்பாகவே கிடக்கும். கடையிலேயே சிப்பைப் பூட்டி, திரையில் படம் வருவதைப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள்.

இன்டலில் பெயரின் கடைசியில் எஃப் இருந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் இல்லை. ரைசன் 5600 உம் அப்படித்தான். "இப்ப இதை வாங்குவம், கார்டை பேந்து வாங்குவம்" என்று நினைப்பவர்கள் 5600ஜி எடுக்க வேண்டும்.

படி 4: கரண்ட்

இந்தப் படியை அவசரப்படாமல் வாசியுங்கள். எனக்கு அதிகம் தலையிடி தந்தது இதுதான். விண்டோஸ் ஒழுங்காக ஓடும், படம் பார்க்கலாம், ஏதாவது பெரிய கேமைத் திறந்தால் சில நிமிடத்தில் டக்கென்று அணைந்து திரும்பத் தொடங்கும். கார்டின் டிரைவர் மென்பொருளைச் சந்தேகப்பட்டு, ரேமைக் கழற்றிப் பூட்டி, விண்டோஸையும் திரும்பப் போட்டுப் பார்த்தாயிற்று. குறை இருந்தது கேசிங்கோடு சும்மா வந்த பவர் சப்ளையில்.

பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டை நம்ப வேண்டாம். பவர் சப்ளையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் 12 வோல்ட் என்ற நிரலைப் பாருங்கள். அதன் கீழ் இருக்கும் அம்பியரை 12 ஆல் பெருக்குங்கள். புரொசசருக்கும் கார்டுக்கும் கிடைப்பது அந்த வாட்தான். வெளியே 600 வாட் என்று பெரிதாக அடித்துவிட்டு, உள்ளே 12 வோல்டில் 16 அம்பியர் என்று இருந்தால், கையில் வருவது 192 வாட். ஒழுங்கான 550 வாட் சப்ளையில் 45 அம்பியர் அளவில் இருக்கும், அதாவது 540 வாட்.

கார்ட் 132, புரொசசர் 65 என்று போட்டிருந்தாலும் முழு வேலையில் அதைவிடக் கொஞ்சம் கூட இழுக்கும். மதர்போர்ட், எஸ்எஸ்டி, விசிறிகள் எல்லாம் சேர்த்தால் 270 வாட் பக்கம் வரும். கார்ட் கண நேரத்துக்கு இதையும் தாண்டி உறிஞ்சும். அதனால் 80 பிளஸ் பிரோன்ஸ் (கரண்டை அதிகம் வீணாக்காததற்கான) முத்திரை உள்ள 550 வாட் ஒன்றைப் புதிதாக வாங்குங்கள். பவர் சப்ளையைப் பாவித்ததாக வாங்காதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

கனடாவிலிருந்து வரும் சித்தப்பாவிடம் சொல்லி எடுப்பிப்பவர்களுக்கு: அங்கே 120 வோல்ட், இங்கே 230. லேபலில் 100-240 என்று இருந்தால் பயமில்லை. பின்னால் 115/230 என்று சின்னச் சிவப்பு சுவிட்ச் இருந்தால், பிளக்கில் குத்த முன் அது 230 இல் இருக்கிறதா என்று பாருங்கள். 115 இல் விட்டுக் குத்தினால் வெடிச் சத்தம்தான் மிச்சம். அங்கத்தைய யுபிஎஸ்ஸும் (கரண்ட் போனால் கொஞ்ச நேரம் தாங்கும் பற்றரிப் பெட்டி) பிளக் பலகையும் இங்கே உதவாது, பெட்டியில் இடத்தை வீணாக்க வேண்டாம். அதற்குப் பதில் சொக்கலேட் கொண்டுவரச் சொல்லுங்கள்.

அடுத்தது எர்த். கேசிங்கைத் தொட்டால் சுள்ளென்று இருக்கிறதா? பவர் சப்ளையின் உள்ளே மின் இரைச்சலை வடிகட்டும் கப்பாசிற்றர்கள் கொஞ்சக் கரண்டை எர்த் பக்கம் தள்ளும். எர்த் வேலை செய்யாவிட்டால் அது போக இடமின்றி, கேசிங் மெயின் வோல்டேஜில் ஏறத்தாழப் பாதியில், 115 வோல்ட் அளவில் நிற்கும். கரண்ட் மிகச் சிறியது, என்றாலும் அந்த நிலையில் டிவியோடு எச்டிஎம்ஐ குத்தினால் போர்ட் போகலாம். பழைய வீடுகளில் உருண்டை ஓட்டைப் பிளக்கில் மல்டி பிளக் செருகி, அதில் 13 அம்பியர் சதுர முள்ளைக் குத்துவோம். பல மல்டி பிளக்குகளில் எர்த் முள் எதிலும் தொடாது. கணினிக்கென்று ஒரு 13 அம்பியர் பிளக் போட்டு, எர்த்தைச் சோதித்துத் தரும்படி வயரிங் செய்பவரிடம் கேளுங்கள். கோடையில் மண் காய்ந்து எர்த் கம்பியின் பலன் குறையும், அதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

கடைசியாக யுபிஎஸ். பெட்டியில் போட்டிருக்கும் 650 விஏ என்ற அளவு வாட்டில் பெரும்பாலும் 360 முதல் 390 தான். பற்றரி புதிதாக இருக்கும்வரை தாக்குப்பிடிக்கும், பழசானதும் கேம் நடுவே கரண்ட் போனால் கணினியும் சேர்ந்து போகும். 1000 விஏ க்குக் குறையாமல், வோல்டேஜைத் தானே சரிப்படுத்தும் வகையாக எடுங்கள். மொனிட்டரையும் ரவுட்டரையும் அதிலேயே கொழுவுங்கள். யுபிஎஸ் விளையாட அல்ல, கேமைச் சேமித்து ஒழுங்காக நிறுத்த.

படி 5: மிச்சம்

ரேம் 8 ஜிபியில் இரண்டு. ஒற்றை 16 ஐவிட இரண்டு 8 கூடிய வேகம் தரும். நாலு ஓட்டை இருந்தால் புரொசசரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நாலாவதிலும் போடுங்கள். எஸ்எஸ்டி 500 ஜிபிக்குக் குறைய வேண்டாம். எம்.2 என்ற சின்னப் பட்டை வடிவில் இருப்பதெல்லாம் வேகமான என்விஎம்இ வகை இல்லை, மெதுவான சாட்டா எம்.2 உம் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

கேசிங்கில் கண்ணாடி முகப்பைத் தவிருங்கள். முன்பக்கம் வலை, அதன் பின்னே கழற்றிக் கழுவக்கூடிய தூசி வடிகட்டி. சோளகக் காற்று அடிக்கும் மாதங்களில் அந்த வடிகட்டியைப் பார்த்தால் ஏன் சொன்னேன் என்று விளங்கும். குருநகர், காரைநகர் மாதிரிக் கடற்கரையோரம் இருப்பவர்கள் உப்புக் காற்று நேராகப் படும் யன்னலோரத்தில் கணினியை வைக்க வேண்டாம். கலர் விளக்குக்குக் காசு கொடுப்பது உங்கள் இஷ்டம். நான் கொடுக்கவில்லை.

எங்கே வாங்குவது

கார்டையும் புரொசசரையும் கொழும்பு பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசாவில் விலை கேட்டுவிட்டு, யாழ்ப்பாணத்தில் ஸ்டான்லி வீதியிலும் கஸ்தூரியார் வீதியிலும் கேட்டுப் பாருங்கள். சின்ன வித்தியாசம் என்றால் இங்கேயே வாங்குங்கள். உத்தரவாதத்துக்காக ஒரு கார்டைக் கொழும்புக்கு அனுப்பி எடுப்பதற்குள் அந்த லாபம் கரைந்துவிடும். எங்கே வாங்கினாலும் பில்லில் தொடர் இலக்கத்தை எழுதுவியுங்கள். "உத்தரவாதம் கடையா, ஏஜென்டா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிற்சேர்க்கை

பதிவைப் போட்ட பிறகு கேட்கப்பட்டவை.

"எல்லாம் பூட்டியும் கேம் இழுக்குது." மொனிட்டர் வயர் மதர்போர்டில் குத்தியிருக்கிறதா என்று பாருங்கள். கார்டில் குத்த வேண்டும். அப்புறம் பயோஸில், ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பியைப் போடுங்கள். போடாவிட்டால் 3200 ரேம் 2133 அல்லது 2400 இல் தூங்கிக்கொண்டிருக்கும்.

"ரேம் விலை ஏன் இப்படி?" 2025 இன் கடைசி மாதங்களிலிருந்து செயற்கை நுண்ணறிவுத் தரவு மையங்கள் நினைவகச் சிப்புகளை அள்ளிக்கொள்வதால் டிடிஆர்5, டிடிஆர்4 என்ற இரு தலைமுறை ரேமுமே ஏறின. பழைய கணினியில் டிடிஆர்4 ரேம் இருந்தால் விற்காதீர்கள், அதைக் கழற்றிப் புதிய போர்டில் போடலாம். புதிய ரைசனுக்கான ஏஎம்5 போர்ட் டிடிஆர்5 மட்டுமே எடுக்கும். குறைந்த காசுக்காரருக்கு 5600 பூட்டும் ஏஎம்4 போர்டை நான் இன்னும் சொல்வது அதனால்தான்.

"ஒஃபிசில் கழித்த டெல், எச்பி டவர் ஒன்று இருக்கு, அதில் கார்ட் போடலாமா?" போடலாம், ஆனால் அவற்றின் பவர் சப்ளை பல மாதிரிகளில் தனி வடிவம், கார்டுக்கான 6 பின், 8 பின் வயரும் இருக்காது. மதர்போர்டிலிருந்தே 75 வாட்டுக்குள் எடுத்து ஓடும் கார்ட் தேடுங்கள். ஜிடிஎக்ஸ் 1650 இல் வயர் கேட்காத வகை உண்டு, கேட்கும் வகையும் உண்டு, படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். ஒல்லிக் கேசிங் என்றால் குட்டை வடிவக் கார்ட்தான் போகும். மூடியைக் கழற்றி, அடிமட்டத்தால் உயரத்தை அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.