பிள்ளைச் செலவுப் பணம் நின்றுவிட்டால்: பாக்கியை வசூலிக்கும் முறை

மலேசியாவில், பிள்ளைச் செலவுக்கு மாதப் பணம் தரச்சொல்லும் கோர்ட் உத்தரவு கையில் இருந்தும் மாதாமாதம் பணம் வரவில்லை என்றால், செய்யக்கூடாத முதல் காரியம் காத்திருப்பது. முஸ்லிம் அல்லாதோருக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டத்தின் 86, 98ஆம் பிரிவுகள் பாக்கித் தொகையைக் கடனாக வசூலிக்க இடம் தருகின்றன. ஆனால் வழக்குப் போடும் நாளுக்கு 3 ஆண்டுகளுக்கு முன்பே கொடுத்திருக்க வேண்டிய தொகையைக் கேட்க முடியாது. நீங்கள் பொறுத்துப்போகும் ஒவ்வொரு மாதமும் பழைய பாக்கியில் ஒரு மாதம் கையைவிட்டுப் போகலாம். முஸ்லிம் குடும்பங்களுக்கு இது ஷரியா நீதிமன்ற விவகாரம், அங்கே நடைமுறை வேறு.

முதல் வேலை கணக்கு. மாதம், வரவேண்டியது, வந்தது, வந்த தேதி, பாக்கி என்று ஐந்து கட்டம் போடுங்கள். உத்தரவு மாதம் 900 ரிங்கிட். ஐந்து மாதம் 400தான் வந்தது, நான்கு மாதம் ஒன்றுமே வரவில்லை என்றால் பாக்கி 2,500, 3,600, ஆக 6,100 ரிங்கிட். ஒவ்வொரு வரிக்கும் வங்கி அறிக்கை ஆதாரமாக இருக்கவேண்டும். அதனால் இந்தப் பணத்துக்கென்றே தனிக் கணக்கு வைப்பது நல்லது. ரொக்கமாகக் கொடுத்தால் வாங்கிக்கொண்டு, “மார்ச் பணம் 400 கிடைத்தது, பாக்கி 500” என்று அன்றே வாட்ஸ்அப்பில் எழுதிவிடுங்கள். தீபாவளித் துணி, பள்ளிச் சப்பாத்து வாங்கித் தந்ததையெல்லாம் பிறகு செலவுப் பணமாகக் கணக்குக் காட்டுவார்கள். “சரி, இந்த மாதம் பரவாயில்லை” என்று இரக்கப்பட்டு எழுதிய ஒரு வரியும் கோர்ட்டில் உங்களுக்கு எதிராக வந்து நிற்கும்.

அடுத்தது 14 நாள் கெடு வைத்து ஒரு கோரிக்கைக் கடிதம். பதிவுத் தபாலில் ஒன்று, வாட்ஸ்அப்பில் ஒன்று. கோபத்தை அதில் கொட்டவேண்டாம். உத்தரவின் தேதி, பாக்கித் தொகை, கணக்கு எண் போதும்.

கெடு தாண்டினால் எந்த வழியில் போவது என்பது பணம் தரவேண்டியவர் எப்படிச் சம்பாதிக்கிறார் என்பதைப் பொறுத்தது. பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையிலோ அரசாங்கத்திலோ நிரந்தர வேலை என்றால், 1968ஆம் ஆண்டுப் பராமரிப்பு அமலாக்கச் சட்டப்படி சம்பளப் பிடித்தம் கேட்பதே சிறந்தது. முதலாளியே பிடித்து அனுப்பிவிடுவதால் மாதாமாதம் கெஞ்சவேண்டியதில்லை. நிறுவனத்தின் சரியான பெயர், முகவரி, முடிந்தால் பழைய சம்பளச் சீட்டு தேவை. லாரி ஓட்டுபவர், நாள்கூலிக்காரர், சொந்தக் கடைக்காரர் ஆகியோரிடம் இது பலிக்காது. அவர்களுக்குக் கடனாளி அழைப்பாணை: சத்தியப் பிரமாணத்தின் பேரில் வருமானத்தையும் சொத்தையும் கேட்டு, தவணை கட்ட உத்தரவிடுவார்கள். வங்கியில் பணம் இருப்பது தெரிந்தால் அந்தப் பணத்தை வங்கியே நேராக உங்களுக்குக் கொடுக்கச் சொல்லும் கார்னிஷி ஆணை கேட்கலாம். முன்பு உங்களுக்குப் பணம் அனுப்பிய ரசீதிலேயே அவருடைய வங்கியின் பெயர் இருக்கும். வியாபாரம் இருந்தால் நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்எஸ்எம்மின் பதிவையும், நிலம் இருந்தால் நில அலுவலகப் பதிவையும் தேடுங்கள். இபிஎஃப் என்னும் தொழிலாளர் சேமநிதிப் பணத்தை நம்பாதீர்கள், கணக்கில் இருக்கும்வரை அதை ஜப்தி செய்ய முடியாது.

“உள்ளே தள்ளவேண்டும்” என்று நேராக நீதிமன்ற அவமதிப்பு வழக்குக்குப் போகிறவர்கள் அடிக்கடி தோற்பது ஒரே இடத்தில்தான். முத்திரையிட்ட உத்தரவு நகலில், கீழ்ப்படியாவிட்டால் சிறை என்ற எச்சரிக்கைக் குறிப்பு இருக்கவேண்டும். அது அவர் கையிலேயே நேரில் சேர்க்கப்பட்டிருக்கவேண்டும். அவருடைய லாயருக்குத் தெரியும் என்பது போதாது. ஆள் ஒளிந்து திரிந்தால் மாற்று வழியில் சேர்ப்பிக்க நீதிமன்ற அனுமதி வாங்கவேண்டும். எந்தத் தேதிக்குள் கட்டவேண்டும் என்று உத்தரவில் இல்லாவிட்டால், முதலில் தேதி குறிக்க விண்ணப்பியுங்கள்.

பணம் தரவில்லை என்பதற்காகப் பிள்ளையைப் பார்க்கவிடாமல் செய்யாதீர்கள். பார்க்கும் உரிமை வேறு, செலவுப் பணம் வேறு; தடுத்தால் நீங்களே உத்தரவை மீறியவராகிவிடுவீர்கள். அவரும் அப்படித்தான்: வேலை போய்விட்டது என்றால் அதே 1976 சட்டத்தின் 96ஆம் பிரிவின்படி குறைக்கச் சொல்லி மனுப் போடவேண்டும், தானாகக் குறைத்துக்கொள்ள முடியாது. பிள்ளைக்கு 18 வயதாகிவிட்டது என்றும் உடனே விட்டுவிடவேண்டாம். 2018 டிசம்பர் 15 முதல் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, மேற்படிப்போ பயிற்சியோ முடியும்வரை பணம் கேட்க இடமுண்டு.

கோவிலில் தாலி கட்டி, தேசியப் பதிவுத் துறையான ஜேபிஎன்னில் பதியாமலே விட்டவர்கள் நம்மிடையே கொஞ்சம் பேர் அல்ல. உத்தரவே இல்லை, நமக்கு வழியே இல்லை என்று அவர்கள் நினைத்துவிடுகிறார்கள். 1950ஆம் ஆண்டின் “மணமான பெண்கள், பிள்ளைகள் பராமரிப்புச் சட்டம்” பதிவில்லாத உறவில் பிறந்த பிள்ளைக்கும் தகப்பனிடம் மாதப் பணம் கேட்க இடம் தருகிறது. தகப்பன் அவர்தான் என்று நிரூபிக்கவேண்டும், அதனால் பிறப்புப் பத்திரத்தில் அவர் பெயர் இருப்பது பெரிய பலம். இந்தச் சட்டத்தின்கீழ் வாங்கிய உத்தரவை மீறினால், கட்டாத ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறை விதிக்கலாம்.

லாயருக்குப் பணம் இல்லாதவர்கள் அரசாங்கச் சட்ட உதவித் துறையான ஜேபிஜிக்கோ, கோலாலம்பூர், பினாங்கு வழக்கறிஞர் மன்றங்களின் சட்ட உதவி மையங்களுக்கோ போகலாம். போகும்போது மைகார்டு (அடையாள அட்டை), பிள்ளையின் பிறப்புப் பத்திரம், முத்திரையிட்ட உத்தரவு, பாக்கிக் கணக்கு, வங்கி அறிக்கை, உங்கள் சம்பளச் சீட்டு ஆகியவற்றை இரண்டிரண்டு நகலாக எடுத்துச் செல்லுங்கள்.