கீரையும் பீட்ரூட்டும் சாப்பிட்டும் ரத்தம் ஏறவில்லையா? நாம் செய்யும் தவறுகள்

இரண்டாவது பிரசவம் முடிந்து எட்டு மாதம் இருக்கும். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும். தலை வாரினால் சீப்பு நிறைய முடி. ரத்தம் எடுத்துப் பார்த்ததில் ஹீமோகுளோபின் 8.2. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். "மாத்திரையெல்லாம் சூடு, நான் சரி பண்றேன் விடுடி" என்று அம்மா பீட்ரூட் துருவ ஆரம்பித்தார். காலையில் ஒரு டம்ளர் பீட்ரூட் சாறு, மத்தியானம் முருங்கைக்கீரைப் பொரியல், ராத்திரி நாலு பேரீச்சம்பழம். ஒரு நாள்கூடத் தவறவில்லை. பத்து மாதம் கழித்துப் பார்த்தபோது 8.4.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்தச் சீட்டைப் பார்த்த செவிலியர் என்னைத் திட்டவில்லை. "சாப்பிட்டு முடிச்சதும் என்னக்கா குடிப்பீங்க?" என்று மட்டும் கேட்டார். டீ. சோற்றுத் தட்டைக் கழுவி வைத்த கையோடு அடுப்பில் டீ கொதிக்கும் வீடு எங்களுடையது. நான் சாப்பிட்ட கீரையில் இருந்த இரும்பில் பெரும்பகுதியை அந்த டீ உடம்பில் சேரவிடாமல் செய்திருந்தது.

2019–21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு ரத்தசோகை. கீரை விளையாத ஊர் இல்லை, கீரை நல்லது என்று தெரியாத வீடும் இல்லை. அப்படியும் பாதிப் பெண்களுக்கு மேல் சோகை என்றால், எதைச் சாப்பிடுகிறோம் என்பதோடு எப்படிச் சாப்பிடுகிறோம் என்பதையும் பார்த்தாக வேண்டும். உணவு மருந்தாகும் என்பதில் எனக்கு இன்றும் சந்தேகமே இல்லை. ஆனால் மருந்துக்கு அளவு, நேரம், அனுபானம் (மருந்தை எதோடு சேர்த்துச் சாப்பிடுவது) என்றெல்லாம் பார்க்கிற நாம், உணவு என்று வந்ததும் அதையெல்லாம் விட்டுவிடுகிறோம்.

முதலில் நிறத்தை நம்பும் தவறு. பீட்ரூட் சிவப்பு, மாதுளை சிவப்பு, அதனால் ரத்தம் ஊறும் என்று ஒரு கணக்கு. பீட்ரூட்டின் சிவப்பு பீட்டலைன் என்ற நிறமியால் வருவது. அதற்கும் ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை. 100 கிராம் பீட்ரூட்டில் இரும்பு 1 மில்லிகிராம்கூடத் தேறாது. மாதுளையில் அதைவிடக் குறைவு, 0.3 மில்லிகிராம் அளவு. அதே 100 கிராம் கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பீட்ரூட்டும் மாதுளையும் நல்ல உணவுகள்தான், தாராளமாகச் சாப்பிடலாம். சோகைக்கு மருந்து என்று அவற்றை நம்பி மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் தப்பு.

அடுத்தது அந்த டீ. உணவில் இரண்டு வகை இரும்பு உண்டு. கறி, மீன், ஈரல் ஆகியவற்றில் வரும் இரும்பில் 100-க்கு 15 முதல் 35 பங்கு வரை உடம்பு எடுத்துக்கொள்ளும். கீரை, பருப்பு, தானியத்தில் இருக்கும் இரும்பு அவ்வளவு எளிதில் சேராது. 100-க்கு 2 பங்கும் சேரலாம், 20 பங்கும் சேரலாம். கூட என்ன போகிறது என்பதைப் பொறுத்தது அது. டீயில் உள்ள டானின் குடலிலேயே இந்த இரும்பைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். சாப்பாட்டோடு ஒரு டம்ளர் டீ குடித்தால் சேர வேண்டியதில் பாதிக்கும் மேல் போய்விடும். காபியும் இதையே செய்யும், கொஞ்சம் குறைவாக. டீயை விட வேண்டாம், ஒரு மணி நேரம் தள்ளிக் குடித்தால் போதும்.

டீ கெடுப்பதை வைட்டமின் சி சரிக்கட்டும். தட்டில் எலுமிச்சை பிழிந்தால், சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ இருந்தால், கீரையின் இரும்பு இரண்டு மூன்று மடங்குகூடச் சேரும். ஆனால் இது சூடு தாங்காது. எலுமிச்சையை அடுப்பை அணைத்துவிட்டுப் பிழிய வேண்டும். ஒரே வேளையில் சேர்ந்து போக வேண்டும் என்பதும் முக்கியம். காலையில் வெறும் வயிற்றில் நெல்லிச்சாறு குடித்துவிட்டு மத்தியானம் கீரை சாப்பிட்டால் இரண்டும் சந்திப்பதே இல்லை. பச்சை முருங்கைக்கீரையிலேயே வைட்டமின் சி நிறைய உண்டு. அதை அரை மணி நேரம் வேகவைத்து, வெந்த தண்ணீரையும் வடித்துக் கொட்டுகிற வீடுகள் இருக்கின்றன. மூடி போட்டு ஐந்தாறு நிமிஷம் வதக்கினால் போதும், முருங்கை இலை வெந்துவிடும்.

சரி, டீயை நிறுத்தி எலுமிச்சையும் பிழிந்தாயிற்று. கீரை மட்டுமே சோகையைத் தீர்த்துவிடுமா? இந்த இடத்தில் நான் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

100 கிராம் முருங்கைக்கீரையில் சுமார் 4.5 மில்லிகிராம் இரும்பு. நாலு பேருக்குச் செய்த பொரியலில் என் பங்குக்கு வருவது 30 கிராம் கீரை. அதில் இரும்பு 1.4 மில்லிகிராம். பத்தில் ஒரு பங்கு சேர்கிறது என்று தாராளமாக வைத்தாலும் 0.14 மில்லிகிராம். மாதவிலக்கு வருகிற ஒரு பெண்ணின் உடம்பு நாளொன்றுக்குச் சராசரியாக ஒன்றரை மில்லிகிராம் வரை இரும்பை இழக்கிறது. முருங்கைப் பொடியும் அப்படித்தான். 100 கிராம் காய்ந்த பொடியில் 28 மில்லிகிராம் என்று பாக்கெட்டில் போட்டிருப்பார்கள், பார்த்தால் மலைப்பாக இருக்கும். நாம் கலப்பது ஒரு டீஸ்பூன், ஐந்து கிராம்கூட இருக்காது. அதில் வருவதும் அதே 1.4தான்.

இன்னொரு பக்கக் கணக்கு. ஒரு கிராம் ஹீமோகுளோபினில் 3.4 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. என்னைப் போன்ற பெண்ணின் உடம்பில் ரத்தம் சுமார் நாலு லிட்டர். 100 மில்லி ரத்தத்துக்கு 8 கிராமாக இருக்கும் ஹீமோகுளோபினை 12 கிராமுக்குக் கொண்டுவர 500 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு உடம்புக்குள் போய்ச் சேர வேண்டும். சாப்பாட்டை எவ்வளவு திருத்தினாலும், அன்றாட இழப்பை ஈடுகட்டியது போக நாளைக்கு அரை மில்லிகிராம் மிச்சம் பிடிப்பதே பெரிய விஷயம். அப்படியானால் ஆயிரம் நாள். பள்ளத்தை நிரப்ப மாத்திரை வேண்டும், மறுபடி பள்ளம் விழாமல் காக்கச் சாப்பாடு வேண்டும் என்பது எனக்கு இந்தக் கணக்கில்தான் உறைத்தது.

சித்த மருத்துவமும் இதைத்தான் செய்திருக்கிறது. உடம்பு வெளுக்கும் பாண்டு, சோகைக்குக் கரிசாலையை (கரிசலாங்கண்ணியை) சொன்னதோடு நின்றுவிடவில்லை. அயச்செந்தூரம், அன்னபேதிச் செந்தூரம் என்று இரும்பையே மருந்தாக்கிக் கொடுத்தார்கள். அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். அரசு ஆஸ்பத்திரி மாத்திரையில் இருப்பதும் பெரும்பாலும் அதே உப்புதான். "இயற்கை வைத்தியம்தான் பார்ப்பேன், இரும்பு மாத்திரை வேண்டாம்" என்பவர்களிடம் நான் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. அதற்காகச் செந்தூரத்தைக் கடையில் வாங்கித் தானாகச் சாப்பிடக் கூடாது. முறையாகப் படித்த சித்த மருத்துவர் கொடுக்க வேண்டும்.

பழைய சமையலில் இருந்த பொருளை வைத்துக்கொண்டு பக்குவத்தை விட்டுவிட்டோம், அதுவும் ஒரு தவறு. கம்பிலும் கேழ்வரகிலும் இரும்பு உண்டு. அதைப் பிடித்து வைத்திருக்கும் பைட்டேட்டும் கூடவே உண்டு. ஊறவைத்தால், முளைகட்டினால், புளிக்கவைத்தால் பைட்டேட் குறையும். ராத்திரி கரைத்து வைத்துக் காலையில் காய்ச்சிய கூழில் அந்த வேலை தானாகவே நடந்தது. இன்று சத்துமாவை அப்படியே பாலில் கொதிக்கவைத்துக் கொடுக்கிறோம். பாலின் கால்சியமும் இரும்பைத் தடுக்கும். முளைகட்டி அரைத்த மாவைத் தண்ணீரில் காய்ச்சிக் கொடுத்துவிட்டு, பாலை வேறு நேரத்தில் கொடுக்கலாம். இரும்புச் சட்டியும் அப்படித்தான் பரணுக்குப் போனது. அதில் புளிக்குழம்பு வைத்தால் புளிப்பில் கொஞ்சம் இரும்பு கரைந்து குழம்போடு வரும். எங்கள் வீட்டில் நான்ஸ்டிக் வந்த பிறகு அந்த வரவும் நின்றுபோயிருந்தது.

அசைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. பிள்ளை பெற்றவளுக்கும் வயசுக்கு வந்த பெண்ணுக்கும் சுவரொட்டி வாங்கிவரச் சொல்வார்களே, அது அறிந்து சொன்ன வைத்தியம். ஆட்டின் மண்ணீரல் அது. இரும்பு அபாரமாக இருக்கிறது, அதுவும் உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்கிற வகை. மிளகு, சீரகம் தூவித் தோசைக்கல்லில் நன்றாக வேகும்படி சுட்டுக் கொடுங்கள். கீரையோடு ஒரு துண்டு மீனோ கொஞ்சம் நெத்திலியோ போனால் கீரையின் இரும்பும் கூடுதலாகச் சேரும். முட்டைக்கு அந்தக் குணம் இல்லை. முருங்கைக்கீரையில் முட்டை உடைத்து ஊற்றினால் ருசி கூடும், புரதம் கூடும், இரும்பு கூடாது. ஈரலில் வைட்டமின் ஏ மிக அதிகம் என்பதால் கர்ப்பிணிகள் அடிக்கடி சாப்பிட வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட ஆபத்தான தவறு, சோகை எதனால் வந்தது என்று பார்க்காமலே உணவு வைத்தியத்தில் இறங்குவது. நான் செய்ததும் அதுதான். குடலில் கொக்கிப்புழு இருந்தால் உள்ளே போவது ஒழுகிக்கொண்டே இருக்கும். மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமிருந்தாலும் அப்படியே. சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவால் சோகை வரலாம். எந்தக் கீரையிலும் பி12 கிடையாது. பால், தயிர் கொஞ்சம் கொடுக்கும், குறைவு முற்றியிருந்தால் மாத்திரையோ ஊசியோதான். தலசீமியா என்ற பரம்பரை ரத்தக் குறைபாடு உள்ளவர்களுக்கு இரும்பு போதுமான அளவு இருந்தாலும் ஹீமோகுளோபின் குறைவாகவே காட்டும். அவர்கள் டாக்டரைக் கேட்காமல் இரும்பு மாத்திரை சாப்பிடக் கூடாது. ஐம்பது வயதைத் தாண்டிய அப்பாவுக்கோ, மாதவிலக்கு நின்ற அம்மாவுக்கோ சோகை என்றால் தயவுசெய்து பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்துவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். வயிற்றுப் புண்ணோ குடல் கட்டியோ உள்ளுக்குள் ரத்தம் கசியவிட்டுக்கொண்டிருக்கலாம். டாக்டரிடம் காட்டியே ஆக வேண்டும்.

உணவுதானே, என்ன கெடுதல் வந்துவிடும் என்ற நினைப்பும் வேண்டாம். கேரளத்தில் கொழுப்பைக் குறைக்கும் என்று நம்பிப் பிலிம்பிக்காய் என்ற புளிப்புக் காயின் சாற்றைக் குடித்த 10 பேருக்கு, அதிலுள்ள ஆக்சலேட் என்ற பொருளால் சிறுநீரகம் செயலிழந்தது 2013-இல் மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. அவர்களில் 7 பேருக்கு டயாலிசிஸ் தேவைப்பட்டது. அதே காயை ஊறுகாயாகத் தொட்டுக்கொள்கிறவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை. சாறாகப் பிழிந்து டம்ளர் டம்ளராகக் குடிக்கும்போது அளவு மாறிவிடுகிறது. சுரைக்காய்ச் சாறு கசந்தால் ஒரு வாய்கூட விழுங்காதீர்கள், அந்தக் கசப்பு உயிரையே எடுத்திருக்கிறது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இளநீரும் கீரையும் பொட்டாசியத்தை ஏற்றிவிடும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறவர்கள் திடீரென்று தினமும் கீரை என்று ஆரம்பித்தால் மருந்தின் வேலை குறையும். சர்க்கரை நோயாளிக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான். ஒரு வயது ஆகாத குழந்தைக்குச் சேனை வைக்கிறேன் என்று தேன் தொட்டு வைக்கவே கூடாது.

மாத்திரை சாப்பிட ஆரம்பித்தவர்களுக்கு: பாலோடும் டீயோடும் விழுங்காதீர்கள். கால்சியம் மாத்திரையும் இரும்பு மாத்திரையும் சேர்ந்து கொடுத்திருந்தால் இரண்டுக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மலம் கறுப்பாகப் போவதைப் பார்த்துப் பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது மாத்திரையின் நிறம், பயப்பட வேண்டாம். வயிற்றைப் புரட்டினால் டாக்டரிடம் சொல்லி வேறு வகைக்கு மாறலாம்.

மாத்திரை சாப்பிட ஆரம்பித்த நாலு மாதத்தில் எனக்கு ஹீமோகுளோபின் 12.1 வந்தது. அன்றைக்கே மாத்திரையை நிறுத்தப் பார்த்தேன். அந்தச் செவிலியர் விடவில்லை. ரத்தத்துக்கு வேண்டியது கிடைத்த பிறகுதான் உடம்பு இருப்புச் சேர்க்க ஆரம்பிக்குமாம். அதற்கு இன்னும் மூன்று மாதமாவது வேண்டும் என்றார். இருப்பு எவ்வளவு என்று காட்டும் பெரிட்டின் பரிசோதனையையும் செய்துகொண்டு வரச் சொன்னார்.